பலேர்மோவில் ஒரு மக்காவ் கோழி

பலேர்மோ விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். பேருந்துக்கு ஆறரை யூரோ. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மொட்டை மலை. காலை பத்தரைக்குப் பொலிதேயாமா சதுக்கத்தில் இறங்கியபோது, என் மனைவியின் தம்பி சேவியர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு காத்து நின்றான். ஏழு வருடத்தில் பாதியாக இளைத்திருந்தான்.

"அத்தான், இண்டைக்கு நீங்கள் ஒரு நல்ல வார்த்தை சொன்னாக் காணும்," என்று பையை வாங்கிக்கொண்டான்.

நடந்தபடியே விஷயத்தைச் சொன்னான். மன்னாரிலிருந்து வந்த நாள் முதல் வீடு துடைப்பதும் வயோதிபர்களைப் பார்ப்பதுமாக இருந்தவன், மூன்று மாதமாகக் கால்சா என்ற பழைய பகுதியில் ஓர் உணவகத்தில் சமைத்துப் பழகுகிறான். முதலாளி சீனக் கரையிலுள்ள மக்காவ் நகரில் பல வருடம் வாழ்ந்து திரும்பிய இத்தாலியப் பெண்மணி; அவரைச் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவான். இன்று மதியம் சோதனைச் சமையல். ருசி பிடித்தால் நிரந்தர வேலைக்கு ஒப்பந்தம். அது கையில் இருந்தால்தான் மனைவியையும் மகளையும் கூப்பிட மனுப்போடலாம். மகளை அவன் தொலைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறான்.

"நீங்கள் லண்டனில நாலு நல்ல கடையில சாப்பிட்ட மனுசன் எண்டு சிஞ்ஞோராவுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்," என்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மதியம் ஒரு மணி. பழைய மாளிகை ஒன்றின் கீழ்த்தளத்தில் ஐந்து மேசைகள். சிஞ்ஞோரா என் எதிரில் அமர்ந்து நல்ல ஆங்கிலத்தில் விளக்கினார். மக்காவ், போர்த்துக்கேயர் நானூறு வருடத்துக்கு மேல் குந்தியிருந்த சீனத் துறைமுகம். அதனால் சீனரின் சோயாவும் போர்த்துக்கேயரின் ஒலிவக்காயும் ஒரே அடுப்படிக்கு வந்துவிட்டன. முதலில் மின்ச்சி வந்தது: சோயாவில் வதக்கிய கொத்திறைச்சி, பொரித்த உருளைக்கிழங்கு, மேலே ஒரு முட்டை. அடுத்தது 'போர்த்துக்கேயக் கோழி'. போர்த்துக்கல்லில் அப்படி ஒரு கறியே கிடையாதாம். மஞ்சளும் தேங்காய்ப்பாலும் விட்டு, கிழங்கு, அவித்த முட்டை, சொசேஜ், ஒலிவக்காய் சேர்த்து, மேல்பக்கம் சிவக்க வாட்டியிருந்தது.

"எப்படி?" என்றார்.

நம் ஆட்களிடம் இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா? வாய் நிறைய வைத்துக்கொண்டே சொன்னேன்: "அருமை! அப்படியே எங்கள் வீட்டுச் சமையல். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி இதைத்தான் வைப்பாள்."

சிஞ்ஞோரா கரண்டியைக் கீழே வைத்தார். சேவியரைக் கூப்பிட்டு இத்தாலியனில் ஏதோ கேட்டார். அவன் குசினிக்குள் ஓடிப்போய் சமையல் குறிப்பு எழுதிய ஒரு கொப்பியைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினான். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

நான் பதறிப்போனேன். மன்னாரிலும் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள், எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அவர்கள் பெயர்தான், ருசியும் ஒத்துப்போயிருக்கலாம் என்று வரலாறு வேறு அவிழ்த்துவிட்டேன்.

"அப்படியென்றால் இது இலங்கைக் கறிதான்," என்று புன்னகையோடு எழுந்துகொண்டார்.

நாலு மணிக்கு வெளியே வந்தோம்.

"என்ன சொன்னவ?"

"லிஸ்பனில இருந்து ஒரு குசினிக்காரனை எடுக்கப்போறாவாம். நான் வேணுமெண்டாக் கோப்பை கழுவலாமாம்."

"ஒப்பந்தம்?"

"கோப்பை கழுவிறதுக்கு என்ன அத்தான் ஒப்பந்தம்?" கொஞ்சத் தூரம் நடந்த பிறகு சொன்னான்: "அவவின்ர கொப்பியில எழுதிக் கிடந்தபடிதான் செய்தனான். ஒரு சிட்டிகை கூடுதலாப் போடேல்லை."

மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கோ. நீங்கள் நல்லதெண்டுதானே சொன்னனீங்கள்," என்றான். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இரவு எட்டு மணிக்கு நேப்பிள்ஸ் கப்பல். ஐம்பத்தாறு யூரோ. துறைமுக வாசலில் சேவியர் மிஞ்சிய கோழியை ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டுத் தந்தான். அக்காவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம் என்றான். கப்பல் நகர்ந்தது. மலையில் இன்னும் வெளிச்சம் இருந்தது, நகரம் அழகாகத்தான் தெரிந்தது. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மேல்தட்டில் பெட்டியைத் திறந்து, முதல் தடவையாக நிதானமாக மென்று சாப்பிட்டேன். சொசேஜின் புகை மணம். ஒலிவக்காயின் உப்பும் கசப்பும். மிளகாய் இல்லை, கறிவேப்பிலை இல்லை, றம்பை இலை இல்லை. எங்கள் வீட்டுக் கறியின் சாயல் மருந்துக்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி வைப்பது ஆட்டிறைச்சி.