மர்ஜினாவின் கை வேகம்

டாக்காவை ஒட்டிய ஆசுலியாவின் தையல் ஆலைகளில் ஸ்டாப்வாட்ச் உள்ளே நுழைந்தால் எல்லாக் கைகளும் தானாக மெதுவாகிவிடும். கடிகாரத்தோடு வரும் இன்ஜினியர் குறித்துக்கொண்டு போகும் வேகம்தான் நாளைக்கு எல்லாருக்கும் டார்கெட் என்பது நேற்று சேர்ந்தவளுக்கும் தெரியும். வருஷக்கணக்கில் காலர் தைக்கிற மர்ஜினாவுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தேதான் கெடுத்தாள்.

அன்று டாக்காவிலிருந்து பொருளாதாரம் படித்தவர்கள் வந்திருந்தார்கள். இந்த ஆலையில் உற்பத்தி இவ்வளவு ஏறியது எதனால் என்று கேட்டார்கள். முதலாளி புது மிஷின்களைக் காட்டி, எல்லாம் இதுகளின் புண்ணியம் என்றார். தைக்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மர்ஜினாவுக்குச் சுருக்கென்றது. "பழைய மிஷின்லயே நான் தச்சுக் காட்டவா, சார்?" என்று கேட்டுவிட்டாள். தைத்தாள். வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பக்கத்தில் இன்ஜினியர் கடிகாரத்தோடு நின்றதை அவள் கண்டுகொள்ளவேயில்லை. பெருமை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன சொல்ல?

மறுநாளே டார்கெட் ஏறியது. அவளோடு ஒரே வாடகை அறையில் இருக்கும் கோஹினூருக்கு அப்போது ஏழு மாதம். தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டுமே என்று நாள் முழுக்க நாக்கு வறள உட்கார்ந்து தைத்தாள். அப்படியும் எட்டவில்லை. இந்த வாரமும் குறைந்தால் கணக்கை முடித்து வேலையைவிட்டு அனுப்பிவிடுவேன் என்றான் சூப்பர்வைசர். வேலை முடிந்து வந்து இருவரும் சோறும் கருவாட்டுத் துவையலுமாக உட்கார்ந்தபோது கோஹினூர் ஒரு குறை சொல்லவில்லை. மர்ஜினாவைத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

காலையில் நேராக இன்ஜினியரிடம் போனாள். அன்று ஏதோ வீம்பில் தைத்துவிட்டேன், அது என் வழக்கமான வேகமில்லை, டார்கெட்டைக் குறையுங்கள் என்று கெஞ்சினாள்.

அவர் திட்டவில்லை. "சரிம்மா, உட்காருங்க. இப்ப எவ்வளவு வருதோ அதையே வச்சுக்கலாம்," என்றார்.

லைன் முழுக்க அவள் கையையே பார்த்தது. மெதுவாக, மெதுவாக என்று தனக்குள் சொல்லிக்கொண்டே முதல் காலரைத் தைத்தாள். அந்த நேரம் பார்த்தா முதலாளி வந்து நிற்க வேண்டும்!

"இவளா அன்னைக்குத் தச்சவ?" என்றார். "இவ்வளவுதானா?"

பாழாய்ப்போன கால் மிதியை அழுத்திவிட்டது. காலர்கள் மளமளவென்று விழுந்தன. அவள் சுதாரிப்பதற்குள் இன்ஜினியர் கடிகாரத்தை நிறுத்திவிட்டார். அன்றையதைவிட வேகம்.

மர்ஜினாவால் தலையை நிமிர்த்த முடியவில்லை. பின்னாலிருந்து கோஹினூர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

"நான் ஊருக்குக் கிளம்புறேன்க்கா," என்றாள். "சாவிய பக்கத்து ரூம்ல குடுத்துட்டுப் போறேன்."