அக்கா தொட்டு வணங்கிய பெட்டி

புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் வேட்டை உரிமத்துக்கான பரீட்சையில் தேறியதும், மலைக்காட்டுப் பறவை வேட்டைக்கு, அருகருகே இரண்டு குழல் உள்ள துப்பாக்கியை மலிவு விலையில் தேடி ஒரு வருடம் அலைந்தேன். கடைசியில் நொஷாட்டல் நகரில் ஒரு முதிய வேட்டைக்காரர் தன்னுடையதை விற்றார். அதைக் கழற்றி, நீளமான தோல் பெட்டியில் வைத்து ரயிலேறினேன்.

வழியில் ஓல்டன் நிலையத்தில் ஏறிய தமிழ் அக்கா ஒருவர் என் எதிரே அமர்ந்து பெட்டியைப் பார்த்தார்.

“தம்பி, நாதஸ்வரமோ?”

பறவை சுடுகிறவன் என்று ஒரு தமிழரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

“ஓம் அக்கா” என்றேன்.

“இஞ்ச வந்தும் விடாமல் வாசிக்கிறியள். நல்லா இருப்பியள்.”

இறங்கும்போது அவர் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இன்றும் பெட்டியைத் திறக்கும்போது, அவர் தொட்ட இடத்தில் என் கை படாமல் பார்த்துக்கொள்கிறேன்.