கப்பல் சார் ஆள் தேடுகிறார்

“தம்பி, அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?” என்று போனில் உருகிக்கொண்டே கப்பல் சார் தீக்குச்சியால் காது குடைகிறார். அம்மா தவறிப்போய் நாளாயிற்று என்கிறது மறுமுனை. குச்சி ஒரு கணம் நிற்கிறது. “அடடா! அப்போ நீங்க ஊர்ல இருக்க வேண்டிய அவசியமே இல்லையே!” என்கிறார். போன் துண்டிக்கப்படுகிறது. அசராமல் அடுத்த எண்ணை அழுத்துகிறார்.

டயர் கடை மாடியில் இரண்டு அறை அவர் அலுவலகம். சுற்றுலாக் கப்பல்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது தொழில். அவர் இதுவரை கப்பலில் கால் வைத்ததில்லை. படகில் உட்கார்ந்தாலே குமட்டும். அது கடலின் அருமை பெருமைகளைப் பேச ஒருபோதும் தடையாக இருந்ததில்லை.

ஒரு காலத்தில் மாடிப்படி முழுக்க இளைஞர்கள் நிற்பார்கள். “ஏய், முதுக நிமித்து. சிரி. சிரிப்பாடா இது? பல்வலிக்காரன் மாதிரி இருக்கு” என்று அவர்களை அதட்டுவார். பிறகு தொற்று வந்தது. கப்பல்கள் நின்றன. ஊர் முடங்குவதற்கு முன்பே அவருடைய போன் படுத்துவிட்டது; யார் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை.

இப்போது பயணிகள் எல்லாரும் கப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களுக்குப் படுக்கை விரிக்கிறவர்கள்தான் திரும்பவில்லை. கப்பலில் பரிமாறியவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். சமையல்காரர் மருத்துவமனை கேன்டீனில் இருக்கிறார். “இங்க அடுப்பு ஆடுறதில்ல சார்” என்று போனை வைத்துவிட்டார். ஆகவே ‘ஏய்’ போய் ‘தம்பி’ வந்திருக்கிறது, ‘நீ’ போய் ‘நீங்க’. இருவர் வேலையை ஒருவர் பார்க்க வேண்டியிருப்பதைக்கூட அவர், “டிப்ஸ பங்கு போட ஆள் கிடையாது, அத்தனையும் உங்களுக்கே” என்று சொல்லி விற்றுப் பார்த்தார். வாங்குவாரில்லை.

கப்பல் கிளம்ப வேண்டிய வாரத்தில் கம்பெனி நெருக்கியது. ஆள் தராவிட்டால் வேறு ஏஜென்ட்டைப் பார்த்துக்கொள்வோம் என்றது. அவர் நேரிலேயே கிளம்பினார். முன்பு கப்பலில் அறைகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஒருவர், இப்போது மனைவியோடு சலவைக் கடை வைத்திருக்கிறார். வாசலில் நின்று, “நாமெல்லாம் ஒரே குடும்பம் தம்பி” என்று ஆரம்பித்தார் கப்பல் சார்.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. மனைவிதான் பேசினாள்.

“குடும்பமா? இவரு நடுக்கடல்ல மாட்டிக்கிட்டு கெடந்தப்ப, கைக்குழந்தையோட உங்களுக்கு எத்தனை வாட்டி போன் பண்ணேன்?”

“அப்ப டவர் சரியில்ல தங்கச்சி.”

“சரி, இருக்கட்டும். உங்க மாப்பிள்ளை வேலை பார்த்த ஹோட்டல மூடிட்டாங்க, வீட்லதான் இருக்காருன்னு கேள்விப்பட்டேன். அவர அனுப்பலாமே?”

“அதெப்படிம்மா?” என்றார், யோசிக்காமல். “எம் பொண்ணு தனியா கஷ்டப்படுவாளே!”

சொன்னபிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. இஸ்திரிக்காரர் அப்போதுதான் தலை நிமிர்ந்து, “டீ சாப்பிடறீங்களா சார்?” என்றார். கப்பல் சாரிடம் இதுவரை யாரும் இவ்வளவு மோசமாக நடந்துகொண்டதில்லை. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு இறங்கி நடந்தார்.

மதியம் வீட்டில் மாப்பிள்ளை அவருக்காகக் காத்திருந்தார், கையில் பாஸ்போர்ட்டோடு.

“மாமா, தெனமும் நீங்க போன்ல பேசறதக் கேட்டுக் கேட்டு எனக்கே ஆசை வந்துடுச்சு. டிப்ஸ் அத்தனையும் நமக்கேயாமே! நான் போறேன்.”

“ஆமாப்பா, போகட்டும்” என்றாள் மகள். “நீங்களே சொல்றீங்கன்னா நல்லதாத்தானே இருக்கும்.”

தொற்றுக்குப் பிறகு அவருடைய பேச்சில் மயங்கிய முதல் ஆள். கம்பெனிக்குச் சொன்னால் மகிழ்ந்துபோகும். கப்பல் சார் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். பாஸ்போர்ட்டை வாங்கினார். உள்ளே போய் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தார்.