விசாரணை அதிகாரியின் வினைச்சொல்

நான் சுருக்கெழுத்தராக இருந்த திருச்சி ஆலைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வருவார். சரிகைத் தலைப்பாகை, மெல்லிய திருமண், மடிப்புக் கலையாத கோட்டு. தினமும் காலையில் ஆங்கில அகராதியிலிருந்து ஓர் அபூர்வ வினைச்சொல்லைப் பொறுக்குவார். மாலைக்குள் அதை மூன்று காலங்களிலும் பயன்படுத்தி, பக்கத்தில் டிக் போட்ட பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவார்.

அன்று கிடைத்தது ‘ஃபேபுலேட்’. இல்லாததைக் கதையாகப் புனைவது என்று பொருள். இயந்திரத்தில் இரண்டு விரல்களை இழந்த தொழிலாளி, அதன் பாதுகாப்பு மூடியை மேஸ்திரிதான் கழற்றினார் என்று வாக்குமூலம் கொடுத்திருந்தார். பொய் என்று முடிவானால் அவர் வேலை போய்விடும். அதிகாரி இயந்திரத்தைப் போய்ப் பார்க்கவே இல்லை. அறிக்கையை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன்: இவர் ஃபேபுலேட் செய்தார், செய்கிறார், இனியும் செய்வார்.

தொழிலாளியிடம் கைநாட்டு வாங்குவதற்குமுன் அறிக்கையைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி.

“அவனுக்கென்ன புரியப்போறது? சுருக்கமா சொல்லிடும்மா” என்றார் அதிகாரி.

நான் ஒரு வரி விடாமல் படித்தேன்.

“நான் கதை சொல்றேனா?” தொழிலாளி துணி சுற்றிய கையை மேஜைமேல் வைத்தார். “அப்போ என் ரெண்டு விரலும் எங்கேங்க? கைநாட்டு வைக்க மாட்டேன்.”

அதிகாரி அந்தக் கையைப் பார்க்கவில்லை. என்னிடம் வருத்தமாகச் சொன்னார்: “அர்த்தம் சரிதாம்மா. ஆனா அந்த வார்த்தையோட அழகு தமிழ்ல வரலையே.”

கைநாட்டு இல்லாமல் அறிக்கை நின்றுபோனது. வேறொருவர் வந்து இயந்திரத்தைப் பார்த்தார். தொழிலாளியின் வேலை தப்பியது.

பிறகு பொய்யர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். விரல் போனவர் எதிரில் ஒரு சொல்லுக்காகத் துக்கப்பட்டவர் இவர் ஒருவர்தான். அது உண்மையான துக்கம். அதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.