முதுகில் ஒரு பெயர்

கத்திரி அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். துணி வெட்டுவதால் வைத்தேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். உண்மையில் அடுத்தவர் பேச்சை வெட்டுவதால் வைத்தது. என் மருந்துக்கடைக்கு மேலே, செங்குத்தான இரும்புப் படி ஏறினால் அவளுடைய தையல் கடை. புதுத்துணி தைப்பது குறைவு. தொளதொளச் சட்டையைப் பிடித்துக் கொடுப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பெருத்தவர்களின் கால்சட்டைக்கு மானம் காப்பது, இதுதான் பிழைப்பு. "துணி கிழிஞ்சாலும் என் தையல் பிரியாது" என்று வாய்க்கு வாய் சொல்வாள். அந்தப் பெருமையே ஒருநாள் அவளுக்கு எமனாக வந்தது.

அவள் தங்கை புற்றுநோயிலிருந்து பிழைத்து வந்தவள். அந்த நாட்களில் வார்டுக்கு வெளியே வெறுந்தரையில் படுத்துக் கிடந்த குடும்பங்களைப் பார்த்துவிட்டு, இவர்கள் தங்க ஓர் இடம் வேண்டும் என்று அக்கா கிளம்பிவிட்டாள். அதற்காக வருடம் ஒருமுறை ஒரு குழுவாக ஊரைச் சுற்றி நடப்போம், ஊர் நன்கொடை தரும். என்னை வருகிறாயா என்று அவள் கேட்டதே இல்லை. "நீயும் வர்றே" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டேன்.

வாங்குவதைவிட நன்றி சொல்வதில்தான் அவளுக்கு வெறி. "ரசீதைக் கிழிச்சுக் குடுத்துட்டா நன்றி ஆயிடுமா தம்பி?" என்பாள். கொடுத்தவர் ஒவ்வொருவர் பெயரையும் துணிப் பட்டையில் தைத்து, நடப்பவர்கள் தங்கள் உடைக்கு மேல் மாட்டிக்கொள்ளும் கையில்லாத வெள்ளைச் சட்டையில் முதுகுப் பக்கம் வைப்பாள். பொதுவாக நீலப் பட்டை. அந்த நோயிலிருந்து தாங்களே மீண்டு வந்து கொடுத்தவர்களுக்கு மட்டும் மஞ்சள். மஞ்சளைக் கண்டால் தெருவே கைதட்டும். ஆனால் யார் பெயரைச் சுமக்கிறோம் என்று நடப்பவருக்குத் தெரியக்கூடாது. மடித்துக் கொடுத்த சட்டையை முதுகைப் பார்க்காமல் மாட்டிக்கொள்ள வேண்டும். நடை முடிந்ததும் மேடையில் கழற்றி, மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசித்து நன்றி சொல்ல வேண்டும். இது அக்காவின் சட்டம்.

இந்த வருடம் பேக்கரிக்காரர் கால் சுளுக்கிக்கொண்டதால், அவருடைய சட்டை டிரைவர் மாமாவுக்குப் போனது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியை இதே நோய்க்குக் கொடுத்தவர். அதன் பிறகு ஒரு முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, இன்றுவரை என் கடை மாத்திரையில் ஓடுகிற மனிதர். "என் பொண்ணும் குடுத்திருக்கான்னு போன்ல சொன்னா. அப்புறம் நான் வீட்டுல உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். சட்டை மடிக்கிற மும்முரத்தில் அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குழு கிளம்பியது. கடைசி ஆட்களாக நானும் அக்காவும் நகரும்போது ஓர் இளம்பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். குட்டை முடி, ஒடிசலான தோள். அக்காவுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. வெளியூரில் வேலை பார்க்கிற பெண். போன மாதம் படியேறி வந்து நன்கொடை கொடுத்துவிட்டு, "நானும் அந்த மாதிரி வார்டுல இருந்து வந்தவதான்க்கா" என்று சொன்னவள். அக்கா அப்போதே மஞ்சள் துணியை எடுத்து வெட்டிவிட்டாள்.

"அக்கா, முன்னால போறாரே, அவர் முதுகுல மஞ்சள்ல இருக்கிறது என் பேரு."

"ஆமாம்மா. நல்லா வந்திருக்குல்ல?"

"அவர் எங்க அப்பா." அவள் முகம் வெளிறியிருந்தது. "அவருக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. ட்ரெய்னிங் போறேன்னு சொல்லித்தான் அட்மிட் ஆனேன். அம்மா போன அதே வியாதி. கேட்டா நெஞ்சு தாங்குமா அவருக்கு?"

அக்கா எட்டி மாமாவின் முதுகைப் பார்த்தாள்.

"நீ மேடைக்குப் போம்மா" என்றாள். "அவர் கழட்டுறதுக்குள்ள நான் பிரிச்சுடறேன்."

ஓடினோம். மாமாவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நடந்தேன், என் உடம்புதான் திரை. வாழ்க்கையில் முதல்முறையாக என் தொப்பை உபயோகப்பட்டது. அப்படியும் ஜன்னல்களிலிருந்து கைதட்டல். ஒருவர் ஓடிவந்து மாமாவின் கையைக் குலுக்கினார். "மஞ்சள் வச்சிருக்கீங்க!" மாமா குஷியாகத் திரும்பினார். "ஓஹோ! யாரு பேருங்க?" அந்த ஆள் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "சட்டம் சட்டம்தான்! யாரும் சொல்லக் கூடாது!" என்று போட்ட சத்தத்தில் அவர் நடைபாதைக்கே திரும்பிவிட்டார்.

"மாமா, நூல் தொங்குது, கொஞ்சம் நில்லுங்க."

"நடக்கக் கூட்டிட்டு வந்து நிக்கச் சொல்றியே" என்று சிரித்துக்கொண்டே அவர் வேகத்தைக் கூட்டினார்.

நடந்துகொண்டே பிரிக்கப் பார்த்தாள். தையல் பிரிக்கிற குட்டிக் கத்தி அவள் கழுத்தில் எப்போதும் தொங்கும். ஆனால் தைத்தது யார்? இரட்டைத் தையல், மூலைக்கு மூலை முடிச்சு. ஒரு பக்கம்தான் விட்டது. "எந்தப் பாவி இப்படித் தைச்சான்" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தூரத்தில் மேடை தெரிந்தது.

கடைசித் தண்ணீர்ப் பந்தலில் நான் மாமாவை மடக்கி, அவர் ஓட்டியதிலேயே மோசமான பஸ் எது என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு அவர் நிற்பார் என்று எனக்குத் தெரியும். கிளட்ச், பிரேக், முதலாளி என்று அவர் ஆரம்பிக்க, அக்கா பின்னால் குனிந்து வெட்டினாள். விரலில் ரத்தம். மாமா டம்ளரைக் கீழே வைப்பதற்கும் பட்டை கழன்று வருவதற்கும் சரியாக இருந்தது. அவள் அதை உள்ளங்கையில் கசக்கி மூடிக்கொண்டாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

மேடையில் ஒவ்வொருவராக வாசித்தார்கள். மாமாவும் தன் சட்டையைக் கழற்றி நீலப் பெயர்களை நிறுத்தி நிதானமாக வாசித்தார். ஆனால் மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. முகம் மாறியிருந்தது.

"எல்லாரும் வாசிச்சாச்சு. யார் முதுகுலயும் என் பொண்ணு பேரு வரலையே. மஞ்சள் இருக்குன்னாங்க, அதையும் காணோம். ஏம்மா, அவ குடுத்தாளா இல்லையா?"

"குடுத்தா மாமா. நான்தான்... தைக்க மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? தாயில்லாப் பொண்ணு. சம்பாதிச்சதைக் குடுத்திருக்கா. ஒரு நன்றி சொல்லக்கூடவா உனக்கு மனசு வரல? ஊருக்கெல்லாம் நன்றின்னு பேசுறது சும்மா வேஷம்தானா?"

கூட்டம் மொத்தமும் அக்காவைப் பார்த்தது. எவ்வளவு பேச்சை வெட்டியவள், இந்தப் பேச்சை வெட்டவில்லை. தலைகுனிந்து நின்று வாங்கிக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று ஓரடி வைத்தேன். அக்கா பார்த்த பார்வையில் அப்படியே நின்றேன்.

மேடையோரம் நின்றிருந்த பெண் ஏறி வந்தாள். அக்காவின் மூடிய கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவள் கேட்கவில்லை. கசங்கிய பட்டையை அப்பாவின் கையில் வைத்தாள்.

"அவங்க மறக்கலப்பா. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

மாமா பெயரைப் பார்த்தார். பிறகு நிறத்தைப் பார்த்தார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன், விழுந்தால் தாங்கலாம் என்று. அவர் விழவில்லை. மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், தானே வைத்த அந்தப் பெயரை வாசித்தார். மற்றவர்களுக்குச் சொன்னது போலவே "நன்றி" என்றார். கூட்டம் கைதட்டியது. அவர் மைக்கைக் கீழே இறக்கினார்.

"ஆஸ்பத்திரில யாரு உன்கூட இருந்தா?"

"யாரும் இல்லப்பா."

அவர் அவளை இழுத்துத் தோளோடு சேர்த்துக்கொண்டார். குட்டை முடியைத் தடவித் தடவிப் பார்த்தார். வெகுநேரம் கழித்துச் சட்டையையும் பட்டையையும் அக்காவிடம் நீட்டினார்.

"கோவத்துல பேசிட்டேம்மா. இதைத் திரும்பத் தைச்சுக் குடு. வீடு வரைக்கும் போட்டுட்டுப் போறேன்."

வெட்டுப்பட்ட விரலோடு அக்காவால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. நான்தான் கோர்த்துக் கொடுத்தேன்.