பத்தரை மணி ஜெபம்

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் கிறிஸ்துமஸ் என்றால் எங்கள் வீடுதான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். காலை ஆராதனை முடிந்து வந்த கையோடு வாசலில் கூடாரம் தயாராக இருக்கும். ஹலால் கேட்டரிங்கில் ஆட்டுப் பிரியாணி, மனைவி சுட்ட முறுக்கும் அச்சு முறுக்கும், பெட்டி நிறைய ஐஸ், குளிர்பானம். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பங்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள், அலுவலக ஆட்கள் என்று மாலை வரை ஓப்பன் ஹவுஸ். வருகிறவர்கள் வயிறாரச் சாப்பிட்டு, வீட்டில் இருப்பவர்களுக்குத் தாப்பாவ் பொட்டலமும் கட்டிக்கொண்டு போவார்கள். “உங்க வீட்டு பிரியாணிக்காகவே டிசம்பர் வரணும் அண்ணே” என்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அன்றைக்குப் பிறந்தது யார் என்பதற்கு மட்டும் அந்த வீட்டின் எந்த மூலையிலும் அடையாளம் இருக்காது. அதற்கும் காரணம் நான்தான்.

என் சிறுவயதில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது, ஆலயத்திலிருந்து வந்த பிறகும் சோற்றுப் பானை மூடியேதான் இருக்கும். அப்பா வேதத்தை எடுத்து இயேசு பிறந்த பகுதியை வாசிப்பார். பிறகு கடைக்குட்டி தொடங்கி ஒவ்வொருவரும் ஒரு வாக்கியமாவது வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். அதற்குள் பக்கத்து வீட்டு இந்து மாமா வந்துவிட்டால், செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் எங்களோடு கைகட்டி நிற்பார். அவருக்கு அதில் எந்தச் சங்கடமும் இருந்ததாக நினைவில்லை. பசியில் எனக்குத்தான் எரிச்சல் வரும்.

கல்யாணமாகி கிள்ளானுக்கு வந்த பிறகு சில வருஷங்கள் நானும் அந்த வழக்கத்தை வைத்திருந்தேன். பிள்ளைகள் இருவரும் மழலையில் ஜெபிப்பார்கள். மகள் ஒருமுறை தொட்டியில் இருந்த மீனுக்கு உடம்பு சரியாக வேண்டும் என்று ஜெபித்தாள். பிறகு ஒரு வருஷம் என் மேலதிகாரி வருவதாகச் சொன்னார். அவர் வந்து நிற்கும்போது நாங்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும் என்று, ஜெபத்தை முந்தின நாள் மாலைக்கு மாற்றினேன். முந்தின நாள் மாலை தலைக்கு மேல் வேலை. எனவே விருந்தாளிகள் கிளம்பிய பிறகு என்று ஆனது. அவர்கள் கிளம்பிய பிறகு எங்களில் யாருக்கு உயிர் இருக்கும்? “நாளைக்குப் பண்ணிக்கலாம்” என்று நான்தான் சொன்னேன். அதோடு அது நின்றுபோனது.

கூடத்துச் சுவரில் இருந்த சிலுவையையும் வசனப் பலகையையும் கழற்றி அலமாரிமேல் போட்டதும் நான்தான். வருகிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதாம். சங்கடமாக இருக்கிறது என்று ஒருவரும் என்னிடம் வந்து சொன்னதில்லை. அவர்கள் சார்பில் நானே சங்கடப்பட்டுக்கொண்டேன். அந்த இடத்தில் பிளாஸ்டிக் மரமும் மின்னுகிற விளக்குகளும் வந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

போன வருஷம், பல வருஷமாக வந்துபோகும் மலாய் நண்பர் ஒருவர் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இன்றைக்கு உங்கள் இயேசு, எங்கள் நபி ஈசா, பிறந்த நாள் அல்லவா, வீட்டில் என்ன ஓதுவீர்கள், நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லையே என்று மலாயில் கேட்டார். வம்புக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். காலையிலேயே ஓதி முடித்துவிட்டோம் என்று பொய் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கிறிஸ்துமஸ் அன்று, கிறிஸ்துவைப் பற்றி, என் வீட்டிலேயே உட்கார்ந்து பொய். ஐஸ் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

அதனால் இந்த வருஷம் விடக்கூடாது என்று இருந்தேன். நவம்பரிலேயே குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதினேன்: காலை பத்தரைக்கு ஜெபம், பதினைந்து நிமிஷம், எல்லாரும் கட்டாயம் இருக்க வேண்டும். மகன் கட்டைவிரல் படம் போட்டான். அம்பாங்கில் தனியாக இருக்கும் மகள் அதைக்கூடப் போடவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். கண்ணை மூடுவதற்கு முன் என் பிள்ளைகள் வாயிலிருந்து ஒரு ஜெபம் கேட்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் அன்று பத்தரைக்கு மகள் வரவில்லை. ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். பத்து ஐம்பதுக்கு இரண்டு கையிலும் ஐஸ் மூட்டையோடு ஓடி வந்தாள். மகன் வாசலில் நின்று, கூடாரத்துக்கு வைக்கிற மின்காற்றாடி ஏன் இன்னும் வரவில்லை என்று கூடாரக்காரரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். மனைவி அடுப்படியில். நான் வேதத்தைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று எல்லாரையும் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்ன, கத்தினேன்.

“அப்பா, பதினொன்னுக்கு கெஸ்ட் வந்துருவாங்க லா. வாசிக்கிறதெல்லாம் வேணாம். ஜெபம் மட்டும் போதும்” என்றான் மகன். சரி என்று வேதத்தை மூடினேன். விட்டுக்கொடுப்பதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

நான்கு பேரும் வட்டமாக நின்றோம். “நீ ஆரம்பி” என்று மகனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

“நானா? என்னப்பா சொல்லணும்? எப்படி ஆரம்பிக்கிறது?”

முப்பது வயது. ஞானஸ்நானம், திடப்படுத்தல், ஓய்வுநாள் பள்ளிப் பரிசு எல்லாம் வாங்கியவன். நான் மகளைப் பார்த்தேன். அவள் ஐஸ் நனைத்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, “என்னை விட்டுருங்கப்பா. நான் ஜெபம் பண்றதில்ல. ரொம்ப வருஷமாச்சு. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

“நீங்களே பண்ணுங்களேன். மணியாகுது” என்றாள் மனைவி.

கண்ணை மூடினேன். “ஆண்டவரே” என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. ஆலயத்தில் அச்சடித்த ஜெபத்தைப் பார்த்து எல்லாரோடும் சேர்ந்து சொல்கிறேன்தான். எனக்கென்று ஒரு வார்த்தையை அவரிடம் கடைசியாக எப்போது சொன்னேன் என்று யோசித்தேன். தெரியவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்று ஒரு வருஷமாக மனைவியிடம் புலம்பியிருக்கிறேன். மூடிய கண்ணுக்குள் ஐஸ் போதுமா என்ற கணக்குத்தான் ஓடியது. எதிரே யாரும் கேட்டுக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பயமாக இருந்தது. இதை எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

“ஆமென்” என்றேன். மூன்று பேரும் ஆமென் என்றார்கள். வாசலில் முதல் கார் வந்து நின்றது.

அன்றைக்கு நல்ல கூட்டம். மலாய் நண்பர் மனைவியோடு வந்தார். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.

மாலையில் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போன பிறகு, மகன் வந்து என் தோளில் கை போட்டான். “காலைல ஜெபம் நல்லா இருந்துச்சுப்பா. ஷார்ட்டா. நான்கூட ரொம்ப நேரம் இழுப்பீங்களோன்னு பயந்துட்டேன். அடுத்த வருஷமும் இப்படியே வச்சுக்கலாம்.”

“ஆமாப்பா, இது ஓகே” என்றாள் மகளும்.

இருவரும் மனதாரத்தான் சொன்னார்கள். சரி என்றேன்.