கூச்சப்பட்டு வாங்கிய செயின்

என் மனைவி உப்பளம் பகுதியில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். தினமும் காலையில் முதலியார்பேட்டையிலிருந்து அவளை சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் விடுவேன்.

போன மழைக்காலத்தில் செயின் தொளதொளவென்று தொங்கியது. புதிது வாங்கப் போனேன். கடையில் ஒரே கூட்டம். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது.

"பின்னாடி ஃப்ரீவீல் பல்லு தேஞ்சிருக்காண்ணே?" என்று கடைக்காரர் கேட்டார்.

பின்சக்கரத்தில் செயின் மாட்டும் அந்தப் பல்சக்கரத்தைப் பார்க்காமலே, "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு, செயினை மட்டும் வாங்கிவந்து நானே மாட்டினேன். அந்த வேலை எனக்கு நன்றாக வரும்.

மறுநாள் அவளை வைத்துக்கொண்டு போகும்போது, வழியிலுள்ள பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று அழுத்தி மிதித்தேன். செயின் பல்லில் நிற்காமல் வழுக்கியது. வண்டி சாய்ந்து இருவரும் ரோட்டில் விழுந்தோம். பின்னால் வந்த டெம்போ அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

சிராய்த்த முழங்கையோடு, என்னையும் வண்டியையும் அவள் நேராகக் கடைக்கே இழுத்துப்போனாள்.

"பழைய செயினோட சேந்து பல்லும் தேஞ்சிபோச்சி. இதுல புது செயின் நிக்காதுண்ணே. ரெண்டையும் ஒண்ணா மாத்தணும். அதான் அன்னிக்கே கேட்டேன்" என்றார் கடைக்காரர்.

"அவுரு என்னா உங்கள பொண்ணு பாக்கவா வந்தாரு, இப்பிடி வெக்கப்படறீங்க?" என்றாள் மனைவி. கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

இப்போது எந்தப் பாகம் வாங்கப் போனாலும், வண்டியைக் கடை வாசலுக்கே தள்ளிக்கொண்டு போகிறேன். எத்தனை பேர் நின்றாலும், "இது அதோட சேருமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன்.

விழுந்த பிறகு வெகுநாள் பாலம் வந்தாலே அவள் என் சட்டையை இறுக்கிப் பிடிப்பாள். இப்போது பிடிப்பதில்லை.